வாட்டர்கலரும் டை கட்டிங்கும்: கையால் செய்யும் கிறிஸ்துமஸ் கார்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாட்டர்கலருக்குத் தண்ணீரை வாங்கித் தாங்குகிற தாள் வேண்டும். டை கட்டிங்குக்கு, அதாவது கூர் விளிம்பு கொண்ட எஃகு அச்சை (டை) மெஷினில் தாள்மேல் அழுத்தி உருவங்களை வெட்டுவதற்கு, ஈரமே இல்லாத, தட்டையான, இழை இறுகிய தாள் வேண்டும். இரண்டையும் ஒரே கார்டில் சேர்க்கும்போது வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த முரண்பாட்டில் பிறப்பவை. தாளைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, வேலையைச் சரியான வரிசையில் செய்து, முழுக்கக் காயவிட்டால் அவற்றில் பல வராமலே போய்விடும்.

வண்ணம் தீட்டிவிட்டு வெட்டுவதா, வெட்டிவிட்டு வண்ணம் தீட்டுவதா?

முதலில் வண்ணம், அடுத்து வெட்டு, கடைசியில் பசை. வெட்டிய துண்டில் வண்ணம் தீட்டினால் வெட்டுப்பட்ட ஓரத்தில் இழைகள் திறந்து கிடப்பதால் தண்ணீர் அங்கே வேகமாக உள்ளே இறங்கும். துண்டைச் சுற்றிக் கருத்த கோடு விழும். மான் கொம்பு, மரக்கிளை போன்ற மெல்லிய பகுதிகள் நனைந்ததும் சுருண்டுகொள்ளும். நனைந்த தாள் சற்று விரியும் என்பதால், வெட்டியபோது கச்சிதமாகப் பொருந்திய துளைக்குள் அந்தத் துண்டு மறுபடி உட்காராது.

வெட்டிய துண்டில் ஒரு பெர்ரியோ கன்னச் சிவப்போ மட்டும் வைக்க வேண்டுமென்றால், பிரஷ்ஷை டிஷ்யூவில் ஒற்றிவிட்டுக் கெட்டியான வண்ணத்தைப் புள்ளியாக வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

எந்தத் தாள் வாங்குவது?

மடிக்கிற அடிக்கார்டுக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்) வரையுள்ள வழவழப்பான கார்டு ஸ்டாக் போதும். அதில் வாட்டர்கலர் தீட்டக் கூடாது. மேல்பரப்பு உரிந்து திரிதிரியாக வரும். படத்துக்கு 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள் வேண்டும். பவுண்டு கணக்கில் அதன் அட்டையில் 140 என்று இருக்கும். 200 ஜிஎஸ்எம்முக்குக் கீழே போனால் ஒரு பரந்த வாஷ் (தண்ணீராகக் கரைத்த வண்ணத்தைப் பரப்பித் தீட்டுவது) போட்டதுமே தாள் மேடும் பள்ளமுமாகிவிடும்.

அடுத்தது பரப்பு. கோல்டு பிரெஸ் சொரசொரப்பானது. வானம், பனிமூட்டம், தூரத்து மலை எல்லாம் அதில் அழகாக வரும். ஹாட் பிரெஸ் வழவழப்பானது. மை தொட்டுப் பதிக்கும் ஸ்டாம்ப் அதில் தெளிவாக விழும், டையும் சுத்தமாக வெட்டும். ஆனால் வண்ணம் மேலேயே மிதப்பதால் வாஷ் போடக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

மூன்றாவது, தாள் எதில் செய்தது என்பது. முழுப் பருத்தித் தாளில் ஈரம் நெடுநேரம் நிற்பதால் நிறங்கள் ஒன்றோடொன்று மெதுவாகக் கலக்கும். ஆனால் அதன் இழைகள் நீளமானவை, மென்மையானவை. நுண்ணிய டை அவற்றை வெட்டுவதற்குப் பதில் நசுக்கும்; ஓரம் பஞ்சு பஞ்சாக நிற்கும். மரக்கூழ்த் தாள் சீக்கிரம் காயும், வாஷில் திட்டுகள் விழும். ஆனால் டைக்குக் கீழே மொறுமொறுவென்று வெட்டுப்படும்.

ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே தாளை வாங்காதீர்கள். கார்டின் முகப்பில் ஒட்டும் பின்னணிக்குப் பருத்தி கோல்டு பிரெஸ். நட்சத்திரம், மரம், மணி என்று வெட்டி ஒட்டும் துண்டுகளுக்கு ஹாட் பிரெஸ் அல்லது 200 ஜிஎஸ்எம் மரக்கூழ்த் தாள். விலை உயர்ந்த தாளை டை துண்டுகளுக்குச் செலவழிப்பதில் எந்தப் பயனும் இல்லை.

கார்டை எந்த அளவில் வெட்டி மடிப்பது?

ஏ6 அளவு எல்லா வகையிலும் வசதி. ஒரு ஏ4 கார்டு ஸ்டாக்கைக் குறுக்கே பாதியாக வெட்டினால் 148 × 210 மி.மீ. அளவில் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் 105 மி.மீ.யில் மடித்தால் 105 × 148 மி.மீ. கார்டு. சி6 உறையில், அதாவது 114 × 162 மி.மீ. உறையில், அது சரியாக அமரும்.

முகப்புத் தாளை 95 × 138 மி.மீ. அளவில் வெட்டுங்கள். நான்கு பக்கமும் 5 மி.மீ. விளிம்பு தெரியும். அந்த விளிம்பு இல்லாமல் ஓரத்தோடு ஓரமாக ஒட்டினால் அரை மி.மீ. கோணல்கூடக் கண்ணில் படும். ஓர் ஏ4 வாட்டர்கலர் தாளில் இந்த அளவில் நான்கு வெட்டலாம்.

மடிப்பில் கார்டு வெடிக்கிறது, ஏன்?

இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தாளின் இழை ஓட்டத்துக்குக் குறுக்கே மடிப்பது. தாளை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளைகிற மடிப்பு இழை ஓட்டத்தோடு இணையாக இருக்கிறது என்று பொருள். ஏ4 கார்டு ஸ்டாக்கில் பெரும்பாலும் இழை நீளவாக்கில் ஓடும். மேலே சொன்னபடி வெட்டினால் மடிப்பு தானாகவே இழையோடு இணையாக வந்துவிடும்.

இன்னொன்று, கோடு போடாமல் மடிப்பது. ஸ்கோரிங் போர்டில் (மடிப்புக் கோடு அழுத்தும் பலகை), அல்லது ஸ்கேல் வைத்து மை தீர்ந்த பால் பாயின்ட் பேனாவால், முதலில் ஒரு பள்ளம் அழுத்துங்கள். பள்ளத்தின் மறுபக்கம் சின்ன மேடாக எழும்பும். அந்த மேடு மடிப்பின் உள்பக்கம் வரும்படி மடிக்க வேண்டும். பலரும் பள்ளத்துக்குள் மடிக்கிறார்கள். அப்போது வெளிப்பக்க இழைகள் இழுபட்டு வெடிக்கின்றன. மடித்த பிறகு போன் ஃபோல்டரால் (மடிப்பை அழுத்தித் தேய்க்கும் மழுங்கிய தகடு) ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.

எத்தனை நிறங்கள் வேண்டும்?

ஆறு போதும்: அல்ட்ராமரின் புளூ, ஃப்தாலோ கிரீன், பர்ன்ட் சியன்னா, குயினாக்ரிடோன் ரோஸ், ஆரஞ்சு சாயல் கொண்ட ஒரு மஞ்சள், இண்டிகோ. இவற்றோடு வெள்ளை கோவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம்) ஒரு டியூப்.

ஃப்தாலோ கிரீனை அப்படியே தீட்டாதீர்கள், பிளாஸ்டிக் பச்சையாக இருக்கும். அதில் பர்ன்ட் சியன்னா சேர்க்கச் சேர்க்க ஊசியிலை மரத்தின் ஆழ்ந்த பச்சை வரும். அதே பச்சையோடு ரோஸ் சேர்த்தால் கறுப்பை நெருங்கும் அடர் நிறம் கிடைக்கும். மரத்தின் அடிநிழலுக்கு அது போதும், கறுப்பு டியூப் தேவைப்படாது. அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் சாம்பல். நீலம் தூக்கலாக இருக்கும்படி நிறையத் தண்ணீரில் கரைத்தால் பனியின் நிழல். பெர்ரி, ரிப்பன், தொப்பிக்கு ரோஸோடு மஞ்சளைக் கலந்து சிவப்பாக்கிக்கொள்ளலாம்.

சிவப்பும் பச்சையும் சேர்ந்து அழுக்குப் பழுப்பாகிவிடுகிறதே?

அவை எதிர் நிறங்கள். ஈரத்தில் தொட்டுக்கொண்டால் பழுப்புதான் வரும். பச்சை இலையை முழுக்கக் காயவிட்டுப் பிறகு சிவப்பை வையுங்கள். அல்லது இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை வெள்ளை விட்டுத் தீட்டுங்கள். பிரஷ் கழுவ இரண்டு கிண்ணம் தண்ணீர் வையுங்கள். ஒன்று அலச, மற்றொன்று சுத்தமான தண்ணீர் எடுக்க. கார்டுகளை வரிசையாக வைத்து ஒரே நாளில் செய்யும்போது இந்தச் சின்ன ஒழுங்கைத்தான் எல்லாரும் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

வரையத் தெரியாதவர்களுக்கு எது எளிய வழி?

தாள் முழுவதும் வண்ணம் ஓடவிட்டு, அதிலிருந்து உருவங்களை வெட்டுவது. வரைய வேண்டியதே இல்லை, கோட்டுக்குள் நிறுத்த வேண்டியதும் இல்லை. கைதேர்ந்தவர்களும் இதையே அதிகம் செய்கிறார்கள், ஏனென்றால் இதில்தான் வாட்டர்கலரின் இயல்பும் டையின் கூர்மையும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன.

ஏ4 தாளின் நான்கு ஓரத்தையும் பலகையில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். அகலமான தட்டை பிரஷ்ஷால் தாள் முழுவதும் சுத்தமான தண்ணீர் தடவி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஒருமுறை தடவுங்கள். சாய்த்துப் பார்த்தால் பரப்பு சீராக மின்ன வேண்டும். குளம் கட்டி நிற்கக் கூடாது. வண்ணத்தை முன்கூட்டியே கிண்ணத்தில் நினைப்பதைவிட அடர்த்தியாகக் கரைத்து வையுங்கள், காயும்போது வெளிறிவிடும். மேல் மூன்றில் ஒரு பங்கில் நீலம் கலந்த பச்சை, நடுவில் அடர் பச்சை, கீழே கொஞ்சம் மஞ்சள் கலந்த பச்சை என்று இறக்கி, பலகையை முன்னும் பின்னும் சாய்த்தால் அவை தாமாகக் கலந்துகொள்ளும். அதற்கு மேல் பிரஷ்ஷால் தொடாதீர்கள். பல இடங்களில் திரும்பத் திரும்பத் தேய்ப்பதுதான் வாஷைக் கெடுக்கும்.

காய்ந்த பிறகு அந்தத் தாளிலிருந்து மரங்களை வெட்டும்போது, டையை எங்கே வைக்கிறீர்களோ அதற்கேற்ப ஒவ்வொரு மரமும் வேறு மாதிரி வரும். ஒன்றில் நுனி நீலமாகவும் அடி இளம்பச்சையாகவும் இருக்கும். மற்றொன்றில் நடுவே ஒரு வெளிச்சக் கீற்று போகும். மெல்லிய சாம்பல் நீலத் தாளில் ஸ்னோஃப்ளேக், மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்குப் போகும் தாளில் நட்சத்திரம், சிவப்புத் தாளில் மணி என்று நான்கைந்து தாள்கள் செய்து வைத்துக்கொண்டால் எத்தனை கார்டுக்கும் தாங்கும்.

பனி விழுவதை எப்படிக் காட்டுவது?

எளிதானது வெள்ளை கோவாஷ் தெளிப்பு. வாட்டர்கலர் பெட்டியில் இருக்கும் வெள்ளை பெரும்பாலும் ஒளி ஊடுருவும், காய்ந்ததும் மறைந்துவிடும். கோவாஷ் மறைக்கும். பின்னணி முழுக்கக் காய்ந்த பிறகு, கோவாஷை ஓரிரு சொட்டுத் தண்ணீரில் கரைத்து, பிரஷ்ஷில் நிரப்பி, இன்னொரு பிரஷ்ஷின் காம்பில் தட்டுங்கள். தண்ணீர் கூடினால் பெரிய, மங்கிய சொட்டு விழும். குறைந்தால் எதுவும் விழாது. பக்கத்தில் ஒரு கறுப்புத் தாளில் தட்டிப் பார்த்துவிட்டுக் கார்டுக்கு வாருங்கள். டூத் பிரஷ்ஷை விரலால் நெருடினால் பொடிப் பனி வரும். இரண்டு அளவும் கலந்து இருந்தால்தான் ஆழம் தெரியும்.

உப்பு வேறு விதமானது. ஈரமான அடர்நீல வாஷ் மீது உப்பைத் தூவினால், ஒவ்வொரு பரலும் சுற்றியுள்ள தண்ணீரையும் வண்ணத்தையும் இழுத்து ஒரு வெளிறிய நட்சத்திரத்தை விட்டுச் செல்லும். தருணம்தான் முக்கியம். தண்ணீர் தேங்கி நிற்கும்போது தூவினால் உப்பு கரைந்துபோகும். பளபளப்பு முற்றிலும் போன பிறகு தூவினால் ஒன்றும் நடக்காது. பளபளப்பு மங்கத் தொடங்குகிற அந்தக் கொஞ்ச நேரத்தில், சில பரல்களை மட்டும் இடைவெளி விட்டுத் தூவுங்கள். இயல்பாகவே காயவிடுங்கள், ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) வேண்டாம். காய்ந்த பிறகு உலர்ந்த விரலால் தட்டி எல்லாப் பரலையும் எடுத்துவிட வேண்டும். ஒரு பரல் தங்கினாலும் டை மெஷினின் அழுத்தத்தில் அது தாளில் குழி போடும். உப்பு ஈரத்தை இழுப்பதால் எஃகு டையில் துருப் பிடிக்கவும் வழி செய்யும்.

மாஸ்கிங் ஃப்ளூயிட், அதாவது வண்ணம் படாமல் தடுத்துப் பிறகு உரித்தெடுக்கும் திரவம், கூர்மையான வெள்ளைக்கு ஏற்றது: ஜன்னல் வெளிச்சம், கிளை மேல் பனி. பழைய பிரஷ்ஷைச் சோப்பில் நனைத்துவிட்டுத் தொட்டால் முடி ஒட்டிக்கொள்ளாது. காய்ந்த தாளில்தான் இடவேண்டும். அது இருக்கும்போது ஹீட் கன் காட்டினால் தாளோடு ஒட்டிக்கொண்டு உரிக்கும்போது பரப்பையும் கிழித்துவரும். ஒரு நாளுக்கு மேல் தாளில் விட்டுவைக்காதீர்கள். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. பெரும்பாலானவை இயற்கை ரப்பர் கலந்தவை.

வெள்ளை மெழுகுவத்தியால் கோடு இழுத்து மேலே வண்ணம் தீட்டினாலும் வெள்ளை நிற்கும். ஆனால் அந்த இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது, பசைகூட.

வாஷில் காலிஃபிளவர் மாதிரிக் கறை விழுகிறது, எதனால்?

பாதி காய்ந்த இடத்துக்குள் புதிதாகத் தண்ணீர் புகுந்தால் அது வண்ணத்தை வெளியே தள்ளி, ஓரம் சுருண்ட கறையாக நிறுத்தும். பிரஷ்ஷில் தண்ணீர் அதிகம், மாஸ்கிங் டேப் ஓரத்தில் தேங்கிய தண்ணீர் திரும்பி ஓடியது, ஹேர் டிரையரைச் சீக்கிரமாகக் காட்டியது: பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணம். டேப் ஓரத்துக் குளத்தைப் பிழிந்த பிரஷ்ஷால் உறிஞ்சிவிடுங்கள். ஹீட் கன்னோ டிரையரோ பளபளப்பு போன பிறகு மட்டும், 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், நகர்த்திக்கொண்டே காட்டுங்கள். கறை விழுந்த தாளை வீசாதீர்கள். சின்ன உருவங்கள் வெட்டும்போது அந்தக் கறை அழகான வேலைப்பாடாகத் தெரியும்.

தாள் முழுக்கக் காய்ந்ததா என்று எப்படித் தெரியும்?

புறங்கையால் தொடுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஆவியாகும் தண்ணீர் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் வரும் குளிர்ச்சி அது. பார்வைக்குக் காய்ந்த தாளின் அடியில் ஈரம் இருப்பது மிகச் சாதாரணம். அந்த நிலையில் வெட்டினால் இழைகள் கிழிபடும், டையில் வண்ணம் ஒட்டும். முடிந்தவரை இன்று தீட்டி நாளை வெட்டுங்கள்.

வளைந்த தாளை எப்படித் தட்டையாக்குவது?

சுத்தமான துணியில் படத்தைக் கீழ்நோக்கி வையுங்கள். முதுகுப்பக்கத்தை ஈர ஸ்பாஞ்சால் லேசாக ஒற்றுங்கள், மேலே ஒரு வெள்ளைத் தாளை விரியுங்கள், நீராவி இல்லாமல் குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் தேயுங்கள். உடனே கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்துவிடுங்கள். மெழுகுக் கோடு, எம்பாசிங் பவுடர் (ஸ்டாம்ப் மையில் ஒட்டி, சூட்டில் உருகி மேடாகும் தூள்), மாஸ்கிங் ஃப்ளூயிட் உள்ள தாளில் இஸ்திரி கூடாது. முதல் இரண்டும் உருகும், மூன்றாவது தாளோடு ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்குப் புத்தகப் பளு மட்டும்.

கையால் சுற்றும் மெஷினா, கணினியோடு இயங்கும் மெஷினா?

சிஸிக்ஸ் பிக் ஷாட் போன்ற கைப்பிடி மெஷினுக்கு எஃகு டைகள் தனியாக வேண்டும். ஆனால் வண்ணம் தீட்டிய தாளின் எந்த இடத்தை வெட்டுகிறோம் என்று கண்ணால் பார்த்து வைக்கலாம். வாட்டர்கலரோடு சேர்த்துப் பார்த்தால் இதுதான் பெரிய வசதி. க்ரிகட், சிலுவெட் போன்ற மெஷின்களில் எந்த வடிவத்தையும் எந்த அளவிலும் வெட்டலாம். ஆனால் கையால் தீட்டிய படத்தின் ஓரத்தைச் சுற்றி வெட்டச் சொன்னால் பொருத்துவது சிரமம். அவற்றில் முன்பு சொன்ன முழுத்தாள் வாஷை மட்டும் வெட்டுங்கள். சொரசொரப்பான தாள் மெஷினின் ஒட்டும் விரிப்பில் (மேட்) சரியாக ஒட்டாமல் நகர்ந்தால் ஓரங்களில் மாஸ்கிங் டேப் போடுங்கள். அழுத்தத்தைக் கூட்டுவதைவிட இரண்டு முறை வெட்டவிடுவது நல்லது.

டை முழுசாக வெட்டாமல் பாதியில் நிற்கிறது. என்ன செய்வது?

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்; டை பழுது என்று நினைத்துத் தூக்கிப்போடுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் டை நன்றாகவே இருக்கும்.

தட்டுகள், டை, தாள் ஆகியவற்றை அடுக்கிய வரிசையை முதலில் பாருங்கள். மெஷினுக்கு மெஷின் தட்டுகள் மாறும் என்பதால் அதன் கையேட்டில் உள்ள வரிசையே சரி. டையின் கூர் விளிம்பு தாளைப் பார்த்திருக்க வேண்டும் என்பது மட்டும் எங்கும் பொது. பிறகு டையை உருளைக்கு இணையாக வைக்காமல் சாய்வாக வையுங்கள். நீளமான நேர்விளிம்பு உருளைக்கு இணையாக இருந்தால் அந்த முழு நீளமும் ஒரே நேரத்தில் அழுத்தம் கேட்கும். சாய்த்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுப்படும்.

அதற்கும் மசியாவிட்டால் அடுக்கில் ஒரு பிரிண்டர் தாளைச் சேருங்கள். போதாவிட்டால் இன்னொன்று. ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டும். கைப்பிடி சுற்றவே முடியாதபடி இறுகினால் நிறுத்திப் பின்னால் சுற்றி வெளியே எடுங்கள். பலவந்தம் செய்தால் தட்டில் விரிசல் விழும், உருளையின் பற்சக்கரம் போகும். கோல்டு பிரெஸ் தாளில் பரப்பின் பள்ளங்களில் வெட்டு எட்டாமல் நிற்பது இயல்பு. டையை எடுக்காமல், டையையும் தாளையும் சேர்த்தே தட்டின் மேல் 90 பாகை திருப்பி மறுபடி ஒருமுறை ஓட்டினால் பெரும்பாலும் விடுபடும். முதல் சுற்றுக்கு முன்பே டையைத் தாளோடு எளிதில் உரியும் டேப்பால் பிடித்திருந்தால்தான் இது நடக்கும். இல்லாவிட்டால் அரை மி.மீ. நகர்ந்து இரட்டைக் கோடு விழும்.

எப்போதும் ஒரே இடத்தில் மட்டும் வெட்டுப்படவில்லை என்றால் தட்டு குழிந்திருக்கிறது. டையை வேறு இடத்தில் வையுங்கள். தட்டுகளை ஒவ்வொரு சுற்றுக்கும் புரட்டிப் போட்டால் அவை ஒரு பக்கமாக வளையாமல் இருக்கும்.

வெட்டிய எழுத்து தலைகீழாக வருகிறது.

வண்ணம் தீட்டிய பக்கம் டையின் கூர் விளிம்பைப் பார்க்க வேண்டும். மறுபக்கம் வைத்து வெட்டினால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் வரும். சமச்சீரான நட்சத்திரத்தில் இது தெரியாது. ஆனால் சரியான பக்கம் வெட்டினால் ஓரம் மெலிதாக உருண்டு தடித்துத் தெரியும். அந்த அழகுக்காகவே எல்லா உருவங்களுக்கும் இப்படியே வெட்டுங்கள்.

நுண்ணிய ஸ்னோஃப்ளேக் டையிலிருந்து தாளை எடுக்கும்போது கிழிந்துவிடுகிறது.

டைக்கும் தாளுக்கும் நடுவே ஒரு மெழுகுத் தாளை வைத்து வெட்டுங்கள்; வழுக்கிக்கொண்டு வெளியே வரும். டையின் முதுகில் உள்ள சிறு துளைகள் ஊசி விட்டுத் தள்ளத்தான். ஒரு மூலையிலிருந்து இழுக்காமல் பல துளைகளில் மாறி மாறித் தள்ளுங்கள். இத்தகைய டைக்கு 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளை விட்டுவிடுங்கள்.

வெட்டுவதற்கு முன்பே தாளின் முதுகில் இருபக்கமும் ஒட்டும் பசைத்தாளை ஒட்டிவிட்டால், வெட்டியது ஸ்டிக்கராக வரும். மயிரிழைக் கிளைகளுக்குப் பசை தடவுகிற வேலை மிச்சம்.

வெட்டிய ஓரம் வெள்ளையாகத் தெரிகிறது.

வாட்டர்கலர் மேல்பரப்பில்தான் நிற்கும், உள்ளே தாள் வெள்ளை. ஸ்னோஃப்ளேக், பனிமனிதன் போன்றவற்றுக்கு அது நல்லதே. மரத்துக்கும் மணிக்கும் உறுத்தினால், துண்டைச் செங்குத்தாகப் பிடித்து அதே நிற மை பேடின் ஓரத்தில் மெல்ல ஒற்றிச் சுற்றுங்கள். உலர்ந்த பிரஷ்ஷால் அதே வண்ணத்தைத் தடவினாலும் சரி.

எதை வைத்து ஒட்டுவது?

தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைத் தாள் முழுக்கத் தடவினால் முகப்புத் தாள் மறுபடி வளையும், மெல்லிய இடங்களில் நிறமும் கசியும். முகப்புத் தாளுக்கு டபுள் சைடு டேப்பை நான்கு ஓரத்திலும், நடுவில் குறுக்காகவும் ஒட்டுங்கள். தாள் கொஞ்சம் வளைந்திருந்தால் 1 அல்லது 2 மி.மீ. ஃபோம் டேப் அந்த வளைவை மறைத்துவிடும்.

சின்ன டை துண்டுகளுக்கு ஊசிமுனை கொண்ட பசைப் புட்டியில் புள்ளிகளாக வைத்தால் போதும். பசை வெளியே பிதுங்கினால் துடைக்காதீர்கள், வண்ணமும் சேர்ந்து இழுபடும். முழுக்கக் காய்ந்த பிறகு கத்திமுனையால் கீறி எடுங்கள்.

துண்டு கார்டிலிருந்து எழும்பி நிற்க வேண்டும் என்றால், அதே டையால் வெள்ளைக் கார்டு ஸ்டாக்கில் மூன்று பிரதி வெட்டி ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, கடைசியில் வண்ணத் துண்டை வையுங்கள். ஏறத்தாழ ஒரு மி.மீ. உயரம் கிடைக்கும். எழுத்துகளுக்கு ஃபோம் டேப்பைவிட இது எவ்வளவோ மேல்.

ஸ்டாம்ப் பதித்து வாட்டர்கலர் தீட்டினால் மை கலைகிறது. எந்த மை?

டை மை (வெட்டும் டை அல்ல, சாயம் என்று பொருள்படும் dye) என்று விற்கும் சாயமைகளில் பல தண்ணீர் பட்டதும் ஓடும். தண்ணீரில் கரையாத ஆர்க்கைவல் மை அல்லது பிக்மென்ட் மை வாங்கி, பதித்த பிறகு போதிய நேரம் காயவிட்டுத் தீட்டுங்கள். கோட்டை அச்சடித்துவிட்டுக் கையால் நிறம் நிரப்புவது இந்தக் கலையில் மிகப் பழைய வழி. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் கேட்டுக்கொண்டதன்பேரில் ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்து, முதன்முதலாக விற்பனைக்கு வந்த கிறிஸ்துமஸ் கார்டும் கல்லச்சில் அடித்துக் கையால் வண்ணம் தீட்டியதே.

எம்பாசிங் பவுடர் போடுவதானால், வண்ணம் தீட்டும் முன்பே போடுங்கள். ஈரம் தங்கிய தாளில் பவுடர் கண்ட இடத்தில் ஒட்டும். ஸ்டாம்ப் பதிக்கும் முன் ஆன்டி ஸ்டாட்டிக் பையால் (பவுடர் கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கும் சிறு பொடிப் பை) தாளை ஒருமுறை துடைக்க வேண்டும். வெள்ளைப் பவுடரில் ஸ்னோஃப்ளேக் பதித்து உருக்கிவிட்டு, அதன் மேல் இண்டிகோ வாஷ் ஓட்டினால் வண்ணம் கோட்டை விட்டு விலகி ஓடும்.

20 கார்டு செய்ய எவ்வளவு தாள், எப்படித் திட்டமிடுவது?

அடிக்கார்டுக்கு ஏ4 கார்டு ஸ்டாக் 10. முகப்புத் தாளுக்கு ஏ4 வாட்டர்கலர் தாள் 5, கெட்டுப்போவதற்கு ஈடாக ஒன்று கூடுதல். டை துண்டு 5 × 7 செ.மீ. இடம் எடுக்கும் என்றால் ஓர் ஏ4-இல் 16 அடங்கும். ஆகவே இரண்டு தாள்.

கார்டு கார்டாக முடிக்காதீர்கள், வேலை வேலையாக முடியுங்கள். முதல் நாள் எல்லா வாஷும். இரண்டாம் நாள் கோவாஷ் தெளிப்பும் தட்டையாக்குவதும். மூன்றாம் நாள் எல்லா வெட்டும் மடிப்பும். அடுத்த நாள் ஒட்டுவது. வாசகத்தை ஒட்டும் முன்பே எழுதிவிடுங்கள். ஃபோம் டேப் ஒட்டிய கார்டின் மேல் நேராக எழுதவும் முடியாது, ஸ்டாம்ப் பதிக்கவும் முடியாது. அடர்நிற அடிக்கார்டு என்றால் உள்ளே 95 × 138 மி.மீ. வெள்ளைத் தாள் ஒன்று ஒட்டினால் எழுத இடம் கிடைக்கும்.

தபாலில் அனுப்பினால் நசுங்காதா?

அடிக்கார்டு, முகப்புத் தாள், 2 மி.மீ. ஃபோம், அதன் மேல் ஒரு டை துண்டு என்றால் மொத்தம் மூன்றரை மி.மீ.யை நெருங்கும். சாதாரணக் கடிதத்துக்குத் தபால் துறைகள் தடிமன் வரம்பு வைத்திருக்கும். முதல் கார்டை உறையில் போட்டு அளந்து, எடை பார்த்து, கேட்டுவிட்டு மற்றவற்றைச் செய்யுங்கள். தபாலில் போகிற கார்டுக்கு 1 மி.மீ. ஃபோமுக்கு மேல் வேண்டாம். மான் கொம்பு, நட்சத்திர முனை போன்றவை அந்தரத்தில் நீண்டிருந்தால் உறைக்குள் மடங்கும். அவற்றின் அடியிலும் ஒரு துளிப் பசை வேண்டும். முகவரியைத் தண்ணீரில் கரையாத பேனாவால் எழுதுங்கள்.

மெஷின் இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும். அட்டையில் மரம், நட்சத்திரம் வரைந்து வார்ப்பாக வெட்டிக்கொண்டு, வாஷ் தாளின் முதுகில் பென்சிலால் சுற்றி வரைந்து, கூரான கத்தரியால் வெட்டுங்கள். கத்தரியை அசைக்காமல் தாளைத் திருப்பினால் வளைவு சீராக வரும். உள்வெட்டுக்குக் கிராஃப்ட் கத்தியும் கட்டிங் மேட்டும் வேண்டும். பிளேடு மழுங்கியதும் மாற்றுங்கள். பருத்தித் தாளில் அது சீக்கிரமே மழுங்கும். குழந்தைகள் செய்வதானால் பஞ்ச் வைத்துக் குத்துவது பாதுகாப்பானது.

சில வருடங்களில் நிறம் மங்கிவிடுமா?

உறைக்குள் இருக்கும்வரை மங்காது. சட்டம் போட்டு வெளிச்சத்தில் மாட்டினால் சில நிறங்கள் வெளிறும். பழைய அலிசரின் கிரிம்ஸன், அதாவது டியூபில் பிஆர்83 என்று எண் இருப்பது, அப்படிப்பட்டது. கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசன்ட் பிங்க் வகைகளும் அப்படியே. புட்டியில் வரும் சாய வண்ணங்களும் பல விரைவில் போகும். குயினாக்ரிடோன் ரோஸ், பிவி19 என்ற எண்ணில் வருவது, நிற்கும்.

டைகளை எப்படி வைத்துக்கொள்வது?

வெட்டி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, துளைகளில் சிக்கிய துகள்களைக் கடினமான சிறு பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். தண்ணீரில் கழுவ வேண்டாம். காந்தத் தாளில் ஒட்டிப் பிளாஸ்டிக் உறையில் வைத்தால் வளையாது, தொலையாது. அந்த உறையின் மேலேயே, எந்தத் தாளுக்கு எத்தனை பிரிண்டர் தாள் சேர்த்து எத்தனை சுற்று ஓட்டினீர்கள் என்று எழுதி வையுங்கள்; அடுத்த டிசம்பரில் முதல் துண்டே சுத்தமாக வெட்டுப்படும்.